புனே போகமாட்டேன் என்ற மகனுக்கு

கண்ணு,

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நான் புனே போகலம்மா. இங்கயே ஏதாச்சும் கம்பெனியில ட்ரெய்னிங் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பதில் பேசாமல் இருந்து இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை என்பதால் உன் அப்பா பயந்துபோய், "ஏன், மயக்கம் கியக்கம் வருதா?" என்று கேட்டார். மயக்கமெல்லாம் இல்லை. வாய்ப்பேச்சில் நீ என்னை மடக்கிவிடுவாய். காலேஜுக்குப் போனதிலிருந்து அந்தச் சாமர்த்தியம் உனக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். புனேயில் ஒரு ஆராய்ச்சி நிலையம், மூன்றாம் வருஷம் முடிக்கிற பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறை முழுக்க அங்கேயே வைத்து வேலை கற்றுக்கொடுக்கிறேன் என்கிறது. அதில் உன் பெயர் வந்திருக்கிறது. வருகிறேன், வரவில்லை என்று திங்கட்கிழமைக்குள் நீ பதில் எழுத வேண்டும். உனக்குப் போக ஆசை. பெயர் வந்த அன்று நீ வாசலில் நின்று சிரித்த சிரிப்பைத் தெருவே பார்த்தது. அப்படிப்பட்டவன் இப்போது மாட்டேன் என்கிறாய் என்றால் காரணம் நான். என் சர்க்கரை. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன், பாதியில் எழுந்து ஓடாமல் படி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை உன் காலேஜ் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். தினமும் காலையில் ரோஜாப்பூ அனுப்புவதற்கென்றே இருக்கிற அந்தக் குழுவில், போன வாரம் ஒரு அம்மா உருப்படியாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்: கோடை லீவில் ஆராய்ச்சிப் பயிற்சி என்கிறான் பையன், அனுப்பலாமா? எல்லோரும் கும்பிடு போடும் கைப்படத்தை அனுப்பிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். அதனால் உனக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொன்னால் முகம் சுளிக்காதே.

போன வருஷம் நீ முதன்முதலாக இப்படி ஒரு பயிற்சிக்குப் பெங்களூர் போகிறேன் என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் போவதை யாராவது வெளியூர் போவதாகச் சொல்வார்களா? இந்தத் தெருவில் பாதிப் பேர் காலையில் போய்ப் பொழுது சாய்ந்தால் திரும்பி வருகிறவர்கள். நீயோ ஹாஸ்டலில் தங்க வேண்டும், பெட்டி வேண்டும், போர்வை வேண்டும் என்றாய். என்ன படிப்புடா அது என்று கேட்டதற்கு ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ் என்றாய். நான் முழித்ததைப் பார்த்து நீயே பொறுமையாகச் சொன்னாய்: "ஆஸ்பத்திரியில, கேம்ப்புல எல்லாம் எழுதி வெக்கறாங்க இல்லம்மா, அது பாட்டுக்குச் சும்மா கெடக்குது. அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுச் சரியாப் பார்த்தா, யாருக்கு என்ன ஆகும், யாரை முன்னாடியே கூப்புடணும்னு தெரிஞ்சுரும்." எனக்கு அதில் ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் என்ற இரண்டு வார்த்தைகள்தான் மனசில் நின்றன. நீ பஸ் ஏறிய அன்று சாயங்காலமே, என் பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் டாக்டருக்குப் படிக்கிறான் என்று நம் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பலன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தது. நீ வீட்டுக்கு வந்து இட்லியில் கை வைக்கும் முன்பே மூன்றாவது வீட்டுக்காரர் தன் முதுகெலும்பு எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு ஒடிசாப் பையன் தன் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றான். நீ அந்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஏதோ தெரிந்தவன் மாதிரி பார்த்துவிட்டு, "அண்ணா, நான் டாக்டர் இல்லண்ணா" என்றாய். அவர் நம்பவில்லை. "பரவால்ல தம்பி, கம்ப்யூட்டர்ல போட்டுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்று எக்ஸ்ரேயை நம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். அன்று நீ என்மேல் காட்டிய கோபத்துக்கு நான் பிறகு தனியாக எவ்வளவு சிரித்தேன் தெரியுமா.

குழுவில் படிக்கிறவர்களுக்காக லைன் வீடு பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது ஓசூரை ஒட்டிய மத்திகிரியில். மாட்டுப் பண்ணையைத் தாண்டி ஒரு சந்தில், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வேப்பனப்பள்ளிப் பக்கம் இருந்த என் பங்கு மாந்தோப்பை விற்று நானும் உன் அப்பாவும் கட்டியது. குடியிருப்பவர்கள் எல்லாம் கம்பெனி ஆட்கள். திருவண்ணாமலை, கோவில்பட்டி, ஆந்திரா, ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். உன் அப்பா ஷிப்ட்டு ஷிப்ட்டாக வார்ப்புக் கம்பெனிக்குப் போய் வருகிறவர். தண்ணீர், கரண்டு, சண்டை எல்லாமே என் கையில். ஓனரம்மா என்றால் நான்தான். கன்னடத்தில் அதட்டுவேன், தெலுங்கில் சமாதானம் செய்வேன், தமிழில் திட்டுவேன்.

இங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவன் ஆஃபர் கொடுக்கிறானோ அவன் சிம்முக்கு மாறிவிடுவார்கள். இன்று இருக்கிற நம்பர் தீபாவளிக்கு இருக்காது. அப்படியே இருந்தாலும் கம்பெனிக்குள் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் ஆஸ்பத்திரியில், கேம்ப்பில், எங்கே நம்பர் கேட்டாலும் ஓனரம்மா நம்பரைச் சொல்லிவிடுவது வழக்கம். நான்தான் சொல்லச் சொன்னேன். என் நம்பர் மாறாது, நான் எங்கேயும் போகமாட்டேன், போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவேன். யாருக்குப் பிரசவ ஊசி, யார் குழந்தைக்குத் தடுப்பூசி, யாருக்குப் பிரஷர் மாத்திரை என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் கூப்பிடுவார், நான் தொட்டியடியில் நின்று ஒரு குரல் கொடுப்பேன், ஆள் கிளம்பிவிடும். இதைத் தப்பு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நீ எத்தனை தடவை சொன்னாலும் சரி.

இப்போது உன் பெங்களூர் வேலைக்கு வருகிறேன். சர்க்கரை கேம்ப்பில் ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்து, அதிகமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால், மறுபடி பரிசோதனைக்கு வராமலே இருந்துவிடுகிறார்கள் அல்லவா, அப்படி வராமல் போகக்கூடியவர்கள் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் உனக்குக் கொடுத்த வேலை. நம் பக்கத்துக் கேம்ப்புகளின் விவரமும் அதில் இருந்தது. பெயர் இருக்காது, போன் நம்பர் இருக்காது, நம்பருக்குப் பதிலாக என்னவோ குறி இருக்கும், ஒரே நம்பராக இருந்தால் ஒரே குறி வரும் என்று நீ சொன்னாய். ஒருநாள் சாயங்காலம் போனில் ஒரே சிரிப்பு. "ம்மா, ஒரே நம்பர்ல எத்தனை பேரு தெரியுமா? கர்ப்பிணி, கெழவர், ஒடிசாக்காரரு எல்லாம் ஒரே நம்பரு. கேம்ப்புல எவனோ வேலை முடியணும்னு சும்மா அடிச்சு உட்டிருக்கான். அதை மொத்தமாத் தூக்கிட்டேன். இப்பத்தான் கிராஃப் அழகா வருது" என்றாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். எவன்டா அந்தச் சோம்பேறி என்றுகூடக் கேட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தாய். ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். பெங்களூர் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று புலம்பிக்கொண்டே நீ மூன்றாவது உருண்டை களியை விழுங்கிக்கொண்டிருந்தாய். அப்போது போன் வந்தது. சிஸ்டர்தான். ஞாயிற்றுக்கிழமையிலும் கூப்பிடுகிற அளவுக்கு அவருக்கு வேலை. கடைசி வீட்டுப் பெண்ணுக்கு ஸ்கேன் தேதி சொன்னார். நான் வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உடனே மறுபடியும் கூப்பிட்டு, மூன்றாவது வீட்டுக்காரருக்குப் பிரஷர் மாத்திரை வந்திருக்கிறது என்றார். அதற்கும் ஒரு குரல். திரும்பி வந்தால் நீ களியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ம்மா, இவங்க எல்லாம் உன் நம்பரையா குடுத்திருக்காங்க?"

"வேற யார் நம்பரைக் குடுப்பாங்க?"

"எல்லாருமா?"

"ஆமா. அதுக்கு ஏன் இப்படி முழிக்கற? குழம்பு ஊத்தட்டுமா?"

நீ குழம்பு வேண்டாம் என்றாய். பிறகு மெதுவாக, "நான் தூக்கிப் போட்டது நெசமான ஆளுங்கம்மா" என்றாய். அது என் நம்பர்தானே என்று நான் கேட்டதற்கு, "அதை நான் பாக்கவும் கூடாது, கண்டுபுடிக்கவும் கூடாதும்மா, அது அங்க சட்டம்" என்று சொன்னாய். நல்ல சட்டம்தான். ஆனால் நான் சொல்லலாம் அல்லவா? அந்தச் சோம்பேறி வேறு யாருமில்லை, உன்னைப் பெற்றவள்தான். என்னையும் என் குடித்தனக்காரர்கள் அத்தனை பேரையும் நீ ஒரு பொத்தானை அமுக்கிக் கடாசியிருந்தாய்.

நீ அதோடு விடவில்லை. "ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா, சிஸ்டர் கூப்புடறது யாருக்குன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டாய். தெரியாமல் என்ன என்றேன். நம் லைனில் என் பெயரிலேயே இன்னொரு சாந்தி இருக்கிறாளே, கோவில்பட்டிக்காரி, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டு சோதிக்கிறவள். தை மாதம் கேம்ப் முடிந்ததிலிருந்து அவளுக்குப் போன்மேல் போன்: சாந்தி அம்மாவுக்குச் சர்க்கரை அதிகம், மறுபடி வரச் சொல்லுங்கள் என்று. வேலைதான் முக்கியம் என்று அவள் போகவில்லை. நான் விடுவேனா? உடம்பு இருந்தால்தான் கம்பெனி என்று அரைநாள் லீவு போடவைத்து, நானே ஆட்டோ பிடித்து அனுப்பினேன். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. சிஸ்டரும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. இதைப் பெருமையாகத்தான் உன்னிடம் சொன்னேன். சாட்சிக்கு அவளையே கூப்பிட்டேன்.

அவள் ஈரத் துணியை உதறிக்கொண்டே வந்தாள். "ஏக்கா, இத ஒங்கிட்டக் கேக்கணும்னே இருந்தேன். என்னைய ஏன் அங்க அனுப்புன? எனக்கு அந்தக் கேம்ப்புல யாரும் குத்தவே இல்லையே. அன்னைக்கு நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுல்லா. நீ சொல்லிட்டியேன்னு போயிட்டு வந்தேன்."

அவள் கேம்ப்புக்கே வரவில்லை. அப்படியானால் கேம்ப்பில் விரலை நீட்டிய சாந்தி யார்? நீ என்னைப் பார்த்தாய். உன் அப்பா என்னைப் பார்த்தார். எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, பயப்படுகிறவர்களை அதட்டி, இதோ பார் இவ்வளவுதான் என்று முதல் ஆளாக விரலைக் காட்டியது நான். என் போனுக்கு வருகிற கால் எனக்காகவே வந்திருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தாகமாகத் தாகமாக இருந்ததை வெயில் என்று நினைத்தேன். பாத்ரூமுக்கு எழுந்து எழுந்து போனதை வயசு என்று நினைத்தேன். டிவியில் எழுத்து கலங்கியபோது டிவி பழசாகிவிட்டது என்று உன் அப்பாவிடம் சண்டை போட்டேன். இதைத் தியாகம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பிள்ளைகளுக்காகத் தன்னை மறந்த தாய் என்றெல்லாம் குழுவில் யாரும் எழுதிவிடாதீர்கள். இது சுத்தமான திமிர். நோய் என்பது குடித்தனக்காரர்களுக்கு வருவது, ஓனருக்கு வராது என்ற எண்ணம். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதுதான்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு என்னை நீ வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். அங்கே என் பெயரில் இருந்த விவரத்தில், அந்தச் சாந்தியின் ரத்தப் பரிசோதனை முடிவு ஏறியிருந்தது. சாந்தி குணமாகிவிட்டாள், இனிக் கூப்பிட வேண்டாம் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்திருந்தது. நாம் அன்று போகாவிட்டால் என்னை யாரும் எந்தக் காலத்திலும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். பரிசோதனை செய்தால் சிஸ்டருக்கே தூக்கிவாரிப்போட்டது. பிறகு கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர், கண்ணில் லேசாகப் பாதிப்பு ஆரம்பித்திருக்கிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இதோடு நிறுத்திவிடலாம், நல்லவேளை இப்போதே வந்தீர்கள் என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யாமல் தப்பித்தேன். எனக்கு அன்று பயம்தான் கண்ணு. திரும்பும்போது உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வண்டி வேகமாகப் போகிறது என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை இல்லை. அன்று மத்தியானம் நீ பெங்களூருக்குப் பஸ் ஏறினாயே, அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி முடிய இரண்டு வாரம்கூட இல்லை. கிராஃப் அழகாக இருந்தது. பெரிய பெரிய காலேஜிலிருந்து வந்த, மடமடவென்று இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகள் மத்தியில், முதல் வாரமெல்லாம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட உனக்கு, அந்தக் கிராஃபால்தான் ஒரு மரியாதை வந்திருந்தது. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீ நேராகப் போய் உன் மேடத்திடம், நான் செய்தது தப்பு, போலி என்று நினைத்து உண்மையான ஆட்களைத் தூக்கிவிட்டேன் என்று சொன்னாய். சொல்லிவிட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பெட்டியைக்கூடக் கட்டி வைத்தாயாம். தார்வாட்காரரான அந்த மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஈக கெலசா ஷுரு ஆய்த்து நோடு" என்றாராம். இப்போதுதான் வேலை ஆரம்பமாகிறது பார் என்று அர்த்தம். முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு என் கும்பிடு.

நீ எல்லாவற்றையும் திரும்பச் செய்தாய். தூக்கிய ஆட்களை உள்ளே கொண்டுவந்ததும் கிராஃப் கோணல்மாணலாகப் போய்விட்டது. கடைசி நாள் எல்லோரும் அவரவர் வேலையைப் படமாகச் சுவரில் ஒட்டி விளக்கும்போது, முதல் இடம் வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. நீ உன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் ஊரில் ஒரு போன் என்றால் ஒரு ஆள் இல்லை, ஒரு தெரு என்று சொன்னாயாமே. பெயர் எழுதும்போதே இந்த போன் யாருடையது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும் என்றாயாமே. உன் மேடம் அதைக் கேம்ப் நடத்துகிறவர்களுக்கும் எழுதி அனுப்பினாராம். எனக்குப் பரிசு கிடைக்காத வருத்தம் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியை எடுக்கும்போது இரண்டு நாள் முணுமுணுத்தேன்.

அந்த வருத்தம் கார்த்திகை மாதம் போய்விட்டது. மறுபடி கேம்ப் போட்டார்கள். நான் வழக்கம்போல வரிசையின் முன்னால் நின்றேன். பெயர் எழுதுகிற பெண் நம்பர் கேட்டாள், சொன்னேன். அடுத்து, "இது யாரு போனும்மா? உங்களதா, வேற யாரோடதா?" என்று கேட்டாள். என் வயிற்றில் பிறந்தவன் கேட்கச் சொன்ன கேள்வியை ஊர் பேர் தெரியாத ஒரு பெண் என்னிடமே கேட்கிறாள். "என்னுதுதான்மா, ஆனா எங்க சந்துல எல்லாருக்கும் இதான்" என்றேன். "அப்ப உங்க முழுப் பேரு, வீட்டு நம்பர், வயசு எல்லாம் சொல்லுங்க, வேற சாந்தி இருந்தாக் கொழம்பிரும்" என்றாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற எல்லோரிடமும் இது என் பையன் வைத்த கேள்வி என்று சொன்னேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் மட்டும், "அப்ப என் எக்ஸ்ரே என்னாச்சு?" என்றார்.

குழுவில் கேட்ட அம்மா, உங்களுக்கு என் பதில் இதுதான். அனுப்புங்கள். அங்கே பிள்ளை பெரிதாக எதையாவது கண்டுபிடித்துவிடும் என்பதற்காக இல்லை. யாரோ எழுதி வைத்த விவரத்தில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அங்கே தெரிந்துகொண்டு வரும். என் பையனுக்கு அது தெரிய ஒரு கோடைக்காலமும் ஒரு தட்டுக் களியும் ஆயிற்று.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன் கண்ணு. போன வாரம் என் சர்க்கரை ஏறிவிட்டது. நீ பேப்பரைப் பார்த்தாய். உன் மாமா அனுப்பிய செந்தூரா மாம்பழப் பெட்டியில் மேல் வரிசை குறைந்திருப்பதையும் பார்த்தாய். குப்பைக் கூடையில் செய்தித்தாளுக்கு அடியில் தோலையும் கண்டுபிடித்தாய், ஆராய்ச்சிக்காரன் அல்லவா. நான் தின்றேன். ஒத்துக்கொள்கிறேன். அன்று முதல் என் தட்டில் சோற்றைக் குறைக்கிறாய், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கிறாய், சாயங்காலம் என்னை மாட்டுப் பண்ணை வரைக்கும் நடக்கவைக்கிறாய். இப்போது புனே வேண்டாம் என்கிறாய். நீ இங்கே இருந்தால் நான் ஒழுங்காக இருப்பேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாய்.

உன் கணக்கை நான் திருத்துகிறேன், கோபப்படாதே. நீ சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த இந்த வருஷம் முழுக்க என் சர்க்கரை கட்டுக்குள்தான் இருந்தது. எல்லாப் பேப்பரையும் எடுத்துப் பார். எப்போது ஏறியது? நீ லீவில் வந்த பிறகு. ஏனென்றால் நீ வந்ததும் நான் விட்டுவிட்டேன். மாத்திரையா, அவன் ஞாபகப்படுத்துவான். நடையா, அவன் கூப்பிடுவான். மாம்பழமா, அதிகமானால் அவன் பிடுங்கிக்கொள்வான். அன்று எனக்கு வந்த போனை இன்னொரு சாந்தி தலையில் கட்டினேன். இன்று என் உடம்பையே உன் தலையில் கட்டியிருக்கிறேன். நீ இந்தக் கோடை இங்கே இருந்தால் அடுத்த கோடையும் இருக்க வேண்டி வரும். நான் உன்னை விடமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

அதனால் புனேக்குப் போ. அங்கே இந்தி, மராட்டி என்று என்னவோ பேசுவார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். தனியாக உட்கார்ந்து சாப்பிடாதே, உன்னைப் போலத் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை அங்கேயும் இருக்கும், அதன் பக்கத்தில் போய் உட்கார். விவரத்தில் ஏதாவது கோணலாக இருந்தால் தூக்குவதற்கு முன் யாரையாவது கேள். தலைக்கு எண்ணெய் வை. என் மாத்திரையை நான் போட்டுக்கொள்கிறேன். மாம்பழப் பெட்டியை இன்று காலை கோவில்பட்டிக்காரியிடம் கொடுத்தாயிற்று. அவளுக்குச் சர்க்கரை இல்லை என்று ஆஸ்பத்திரியே சொல்லியிருக்கிறது. பாதத்தில் எரிச்சல் வந்தால் மறைக்கமாட்டேன். உன் அப்பாவிடம் சொல்வேன், டாக்டரிடம் சொல்வேன், அதற்குப் பிறகு உன்னிடமும் சொல்வேன்.

ஒன்றை மட்டும் மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை முடிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நேற்று நீ போகமாட்டேன் என்று சொன்னபோது நான் ஏன் பதில் பேசவில்லை தெரியுமா? எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிள்ளை என் பக்கத்திலேயே இருப்பான், தினமும் சாயங்காலம் கூட நடப்பான் என்று நெஞ்சு குளிர்ந்துபோய்விட்டது. முகத்தில் தெரிந்துவிடப் போகிறதே என்றுதான் அடுப்பங்கரைக்குள் போய் நின்றுகொண்டேன். சர்க்கரை என்று சொன்னபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். நாளைக்கு நீ வந்து, நெஜமாவே நான் போகட்டுமாம்மா என்று கேட்டால், நான் இரு என்று சொன்னாலும் சொல்லிவிடுவேன். அதனால் என்னிடம் கேட்காதே. கீழே இறங்கி வருவதற்கு முன்பே, வருகிறேன் என்று எழுதி அனுப்பிவிடு.

அம்மா